பண்டிகைப் படமும் பாமரர் மீது சுமத்தும் பழியும்

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் ஒரு பழைய பொய் புதுச்சட்டை அணிந்து வருகிறது. பண்டிகை நாளில் சனங்கள் சிந்திக்க வரமாட்டார்களாம். அவர்களுக்குப் பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், நாயகன் நடந்தால் புழுதி பறக்க வேண்டுமாம். படம் எடுப்பவர் இதைச் சொல்கிறார், விநியோகஸ்தர் சொல்கிறார், தொலைக்காட்சியில் பண்டிகை நாள் நிகழ்ச்சிகளை அடுக்குபவரும் சொல்கிறார். இவர்கள் சொல்வதில் எமக்கு வியப்பில்லை. வியாபாரி தன் சரக்குக்கு ஏற்ற சித்தாந்தத்தையும் தானே தயாரித்துக்கொள்வான். ஆனால் பட்டம் பெற்ற எம்மவர்கள், கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழ் கற்பிக்கும் எம் சக ஆசிரியர்கள், அதே பொய்யை யதார்த்தம் என்று ஒப்புவிக்கும்போதுதான் நாம் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று.

இவர்கள் அழைக்கும் முதற் சாட்சி 'அந்த நாள்'. 1954 ஏப்ரல் 13ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஏவி.எம். வெளியிட்ட படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரமோ படம் தொடங்கியதுமே சுடப்பட்டு வீழ்கிறது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பாட்டே இல்லாத படத்தை எடுத்தவர் ஒரு வீணை வித்துவான் என்பதை எண்ணும்தோறும் எமக்கு இன்பமாயிருக்கிறது. படம் வசூலில் தோற்றது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய 1931 முதல் இருபது ஆண்டுக்கு மேலாக, படத்துக்குப் படம் பாட்டுக்களை ஊட்டி வளர்த்துவிட்டு, ஒருநாள் திடீரென்று வேறு உணவை வைத்து, அதை உடனே உண்ணவில்லை என்பதற்காகப் பசியையே பழிப்பது எந்த ஊர் நியாயம்?

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, இப்பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில் இப்படத்தைத் திரையிட நாம் முயன்றோம். பிள்ளைகளிற் பெரும்பாலோர் ஹந்தானை, கலஹா, தெல்தெனியப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். "கறுப்பு வெள்ளைப் படமா? கூச்சலிட்டு மண்டபத்தையே பெயர்த்துவிடுவார்கள்" என்று மூத்த ஆசிரியர்கள் எச்சரித்தார்கள். முதற் கால்மணி நேரம் அவர்கள் சொன்னபடியே நடந்தது. "பாட்டு எப்ப சேர் வரும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல், ஒரே சிரிப்பு. இரண்டாவது ஆள் தன் கதையைச் சொல்லி முடித்தபோது மண்டபம் அடங்கியிருந்தது. அதன்பின் கொன்றவர் யாரென்று பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். (யாரென்பதை இங்கே எழுதப்போவதில்லை, பார்க்காதவர்கள் பலர் இருப்பார்கள்.) 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசியது உண்மையா என்று ஒரு மாணவி கேட்டாள். உண்மைதான் என்றும், அடுத்த ஆண்டிலேயே மவுண்ட்பேட்டனின் போர்த் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்துவிட்டது என்றும் சொன்னோம். நாள்தோறும் அந்தப் பூந்தோட்ட வாசலைப் பஸ்ஸில் கடந்து வருபவள் அவள்.

அடுத்த சாட்சி 'அன்பே சிவம்'. 2003 பொங்கலுக்கு வந்தது. அதே பொங்கலுக்கு வந்த 'தூள்' அள்ளிக் குவிக்க, இது தியேட்டர்களில் தோற்றது. பின் அதை வாழவைத்தவர் யார்? விமர்சகர்களா? இல்லை, விடுமுறை நாட்களில் தொலைக்காட்சியில் வந்தபோதெல்லாம் விடாமல் பார்த்த வெகுசனங்கள். எமக்குத் தெரிந்த லயக் காம்பராக்களில் அந்தப் படத்தின் வசனம் மனப்பாடம். அது ஏன் என்று கேட்பவர்கள் தோட்டத்தை அறியாதவர்கள். வாய்க்கு வாய் சிவனைப் போற்றிக்கொண்டே தொழிலாளியின் கூலி உயர்வை மறுக்கும் முதலாளி ஒருவன் அதில் வருகிறான். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதைப் பெற்ற மக்களுக்கு அந்த மனிதனை எவரும் உரை எழுதி விளக்க வேண்டியதில்லை.

2021 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னர், நவம்பர் 2இல், 'ஜெய் பீம்' தியேட்டருக்கே வராமல் இணையவழி வெளியாயிற்று. அந்தத் தீபாவளி மாலை ஒரு லயத்தில், சிறிய கைத்தொலைபேசியைச் சுற்றிப் பதினொரு பேர் குந்தியிருந்ததை நாம் கண்டோம். குடும்ப அட்டையுமின்றி வாக்காளர் அட்டையுமின்றி அலையும் இருளர்களைக் கண்ட ஒரு பாட்டி, "எங்களுக்குந்தான் கடதாசி இல்லாம இருந்துச்சு" என்றார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமைக்காக 2003 வரை காத்திருந்தவர்களும் இந்த மலைகளில் உண்டு. அந்தப் பாட்டி சிந்திக்கவில்லை என்று சொல்ல எந்த விநியோகஸ்தருக்குத் துணிவு உண்டு?

தியேட்டருக்கு வேறு நியாயம் என்பார்கள். 1987 தீபாவளிக்கு வந்த 'நாயகன்' தியேட்டரில்தான் வென்றது. 2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்த அதே நாளில் வந்த 'கைதி'யில் கதாநாயகியும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரே இரவில் நடந்து முடியும் கதை. அதுவும் வென்றது. அதில் சிந்தும் இரத்தத்தின் அளவு எமக்கு உவப்பானதன்று; ஆயினும் 'பாட்டின்றிப் பண்டிகை இல்லை' என்ற வேதவாக்கைச் சனங்களே கிழித்தெறிந்தார்கள்.

நாம் பாட்டுக்குப் பகைவரல்லர். காலைப் பெரட்டு முதல் மாலையில் கொழுந்து நிறுக்கும்வரை நின்ற கால்களோடு வீடு திரும்பும் பெண், ஒரு நல்ல பாட்டைக் கேட்டு ஆறுதல் பெற விரும்பினால் அது குற்றமா? குற்றம் அவள் தெரிவில் இல்லை. தெரிவு செய்ய வேறொன்றை வைக்காத இடத்தில் இருக்கிறது. அவள் கையில் இருப்பதோ தீபாவளி முற்பணம். பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் துண்டு துண்டாகக் கழிக்கப்படும் கடன். அந்தக் காசில் வாங்கும் ரிக்கற்றுக்கு ஈடாக என்ன தருகிறோம் என்று ஒரு கணமும் எண்ணாதவர்கள், அவள் ரசனையை எடைபோடும் தராசை மட்டும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

'அந்த நாள்' முடிந்தபின் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். எங்கள் தோட்டத்தைப் பற்றி இப்படி ஒரு படம் உண்டா என்று கேட்டான். 1963இலேயே இலங்கையில் 'தோட்டக்காரி' என்றொரு தமிழ்ப்படம் எடுத்தார்கள் என்றோம். அவன் முகம் மலர்ந்தது. "அப்ப அடுத்த தீபாவளிக்கு அதைப் போடுவமா சேர்?" என்றான். போடுவதற்கு எம்மிடம் பிரதி இல்லை.