ஏசுவது அழைப்பு ஆகாது

அடுத்தவர் வணங்குவதை மேடையேறித் தாக்கினால்தான் தஃவா (இஸ்லாத்தின்பால் அழைத்தல்), மென்மையாகப் பேசுவது கோழைத்தனம் என்று சிலர் வாதிடுகிறார்கள். குர்ஆனைத் திறந்தாலே இந்த வாதம் நிற்காது.

கொடுங்கோலன் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா, ஹாரூன் இருவருக்கும் இடப்பட்ட கட்டளையே மென்மையாகப் பேச வேண்டும் என்பதுதான் (20:44). பிறர் வணங்குபவற்றை ஏசுவதற்கும் தடை இருக்கிறது (6:108). ஃபிர்அவ்னுக்கே கிடைத்த அந்த மரியாதை, பண்ருட்டி பலாப்பழ மண்டியில் பக்கத்தில் நின்று விலை பேசுகிறவருக்குக் கிடையாதா?

மென்மையான அழைப்புக்குச் சான்றாக, பண்ருட்டி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையைப் பாருங்கள். வள்ளல் சீதக்காதி மறைந்தபின், உமறுப்புலவர் நபியின் வாழ்க்கையைச் சொல்லும் சீறாப்புராணத்தைத் தொடர்ந்து பாடக் கைகொடுத்தவர் அவ்வூர் அபுல் காசிம் மரைக்காயர். 3 காண்டங்கள், 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். அதன் நாட்டுப்படலத்தில் அரபு மண்ணிலும் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் வயலில் இறங்குகிறார்கள். கம்பனைக் கேட்டுப் பழகிய காதுக்கு நபியின் வாழ்க்கை அந்நியமாகப் படவில்லை. அழைப்பு என்றால் இந்த உழைப்புதான்.

வாதத்தில் மடக்கப்பட்டவர் வாயடைத்துப் போவார். மறுநாள் நம் கடைப்பக்கமே வரமாட்டார்.

மேடைக்குத் திரட்டும் பணத்தில் நபி வரலாற்றை எளிய தமிழில் அச்சிடுங்கள். கேட்பவர் கையில் கொடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை.