குடிசைக்கும் ஒரு வக்கீல்

திருவாரூர் அரண்மனை வாயிலில் மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணி ஒன்று கட்டி வைத்தான் என்பதும், கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்து முறையிட்டது என்பதும் நம் நாட்டுச் சிறுவரும் அறிந்த கதை. அதனைக் கேட்போர் யாவரும் அரசனது நடுவுநிலைமையையே வியந்து போற்றுவர். நாம் அக்கதையில் வேறொன்றையும் காண்கின்றோம். அம்மணியின் கயிறு வாயில்லாப் பிராணிக்கும் எட்டும்படி தொங்கியது என்பதே அது. மணி எத்துணைப் பெரிதாயினும், கயிறு எட்டாதாயின், அது முறை கேட்கும் மணியாகாது. அரண்மனைக்கு அழகு செய்யும் வெறும் வெண்கலமே ஆகும்.

இக்காலத்தும் ஏழைகளின் பொருட்டு நம் நாட்டில் ஒரு மணி கட்டப்பட்டிருக்கின்றது. பொருளின்மையால் எவர்க்கும் நீதி மறுக்கப்படலாகாது என்றும், அரசு இலவசச் சட்ட உதவி அளித்தல் வேண்டும் என்றும் கூறும் 39அ என்னும் பிரிவு 1976ஆம் ஆண்டில் நம் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது. அதனைச் செயலாக்க 1987ஆம் ஆண்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தலைநகரில் தேசிய ஆணைக்குழு, மாநிலத்தில் ஒன்று, மாவட்டத்தில் ஒன்று, வட்டந்தோறும் ஒரு குழு எனப் படிப்படியாக இவ்வமைப்பு இறங்கி வருகின்றது. நம் பகுதிக்குக் கடலூரில் மாவட்ட ஆணைக்குழுவும், விருத்தாசலத்தில் வட்டக் குழுவும் உள்ளன. வட்டத்திலுள்ள நீதிபதிகளுள் மூத்தவரே வட்டக் குழுவுக்குத் தலைவர்.

இச்சட்டத்தில் இரண்டு செய்திகள் பலரும் அறியாதவை. ஒன்று, சட்டப் பணி என்பது வழக்காடுதல் மட்டுமன்று. சட்டம் பற்றிய எப்பொருளிலும் ஆலோசனை கூறுதலும் சட்டப் பணியே என்று அச்சட்டமே சொல்லுகின்றது. மற்றொன்று, பெண்டிர், குழந்தைகள், பட்டியல் சாதியார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், வெள்ளம் முதலிய பேரிடரால் தாக்குண்டோர் ஆகியோர்க்கு வருமான வரம்பு பாராமலே இவ்வுதவி உரியது. ஏனையோர்க்கே வருமான வரம்பு. ஆதலின் கம்மாபுரத்து மக்களுள் பெரும்பாலோர் இவ்வுதவிக்கு உரிமை உடையவர் என்பது கணக்கிட்டுப் பாராமலே விளங்கும்.

அவ்வாறாயின் குறை யாது? கயிறு எட்டவில்லை என்பதே நாம் கூற வந்த குறை. வேறெந்த வழக்கைக் காட்டிலும் வீடும் மனையும் பற்றிய வழக்கில் இக்குறை பெருங்கேடு விளைவிக்கின்றது. ஏன் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

கம்மாபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கைம்பெண் ஒருத்தி வாழ்கின்றாள் என்று கொள்வோம். மாமனார் காலத்திலிருந்தே அவள் குடும்பத்தார்க்கு அக்குடிசையே வீடு. ஒருநாள் அவள் கையில் ஒரு நோட்டீசு கொடுக்கப்படுகின்றது. அதில் புல எண் இருக்கின்றது. ஆக்கிரமிப்பு என்னும் சொல் இருக்கின்றது. இத்தனை நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும் என்ற கெடுவும் இருக்கின்றது. அவளோ எழுத்தறியாதவள். தேநீர்க் கடைக்காரரிடம் காட்டுகின்றாள். "ஒன்றும் ஆகாது, வைத்துக்கொள் அம்மா" என்கின்றார் அவர். பள்ளியிற் படிக்கும் பேரன் எழுத்துக் கூட்டிப் படிக்கின்றான், பொருள் விளங்கவில்லை. விருத்தாசலம் சென்று வக்கீலைப் பார்க்கலாம் என்றால், ஒரு நாட் கூலி போகும். வக்கீலுக்குப் பணம் வேண்டும் என்ற அச்சமும் தடுக்கும். நோட்டீசு மடிக்கப்பட்டுக் குடும்ப அட்டையோடு தகரப் பெட்டிக்குள் போகின்றது. கெடு கழிகின்றது. பின்னர் ஒரு காலைப் பொழுதில் இடிக்கும் இயந்திரம் வந்து நிற்கின்றது. அப்பொழுது ஊரார் அவளை வக்கீலிடம் அழைத்துக்கொண்டு ஓடுகின்றனர். அவர் கேட்கும் முதற்கேள்வி, "அன்றே ஏன் வரவில்லை?" என்பதுதான்.

இவள் இழந்தது வழக்கன்று, நாட்களையே இழந்தாள். அந்நாட்களுள் அவளுக்கு ஓர் அரைமணி நேர ஆலோசனை கிடைத்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும் என்று பார்ப்போம். அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பு அகற்றுதல் பெரும்பாலும் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நடைபெறுவது. நோட்டீசு கொடுத்து விளக்கம் கேளாமல் எவரையும் வெளியேற்றலாகாது என்று அச்சட்டம் விதிக்கின்றது. ஆணைமேல் முறையீட்டுக்கும் இடந்தருகின்றது. அவள் மனை கிராமத்து அ-பதிவேட்டில் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கின்றது என்பதே முதலிற் பார்க்கத்தக்கது. நத்தம் என்று இருப்பின் வழக்கின் போக்கே மாறிவிடும். நத்தம் என்பது ஊரார் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலமாதலின், அதில் வீடு கட்டிக் குடியிருப்போரை அரசு நிலத்தை ஆக்கிரமித்தோராகக் கொள்ளலாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளிற் கூறியிருக்கின்றது. ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை என்று இருப்பின் நிலை வேறு. உச்சநீதிமன்றம் 2024ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அளித்த தீர்ப்பில், 15 நாள் முன்னறிவிப்பின்றி எக்கட்டடத்தையும் இடிக்கலாகாது என்று விதித்தது. ஆயினும் சாலை, நீர்நிலை முதலிய பொதுவிடங்களிலுள்ள கட்டடங்களுக்கு அவ்விதி பொருந்தாது என்றும் அதே தீர்ப்புக் கூறுகின்றது. பதிவேட்டிலுள்ள ஒரு சொல்லே ஒரு குடும்பத்தின் வீட்டைக் காக்கவும் போக்கவும் வல்லது என்பது இதனால் விளங்கும். அச்சொல்லை அவளுக்குப் படித்துச் சொல்வார் யார்?

இனி, சுரங்கத்தை நோக்குவோம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றிய நாள்தொட்டு, இப்பக்கத்து ஊர்களில் நிலமும் வீடும் கொடுத்தோர் பலர். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டைக் கொடுப்பவன் எதில் கையொப்பமிடுகின்றான் என்பதை அறிந்து இடவேண்டும் அன்றோ? நிலம் எடுப்பது பற்றிய 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரு விதி உண்டு. இழப்பீட்டை மறுப்புத் தெரிவித்துப் பெற்றவனே கூடுதல் தொகை கேட்டு வழக்காட உரியவன். மறுப்பின்றிப் பெற்றவன் அவ்வுரிமையை இழக்கின்றான். தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டில் தமிழ்நாடு இயற்றிய தனிச் சட்டமும் உண்டு. தன் மனை எச்சட்டத்தின்கீழ் எடுக்கப்படுகின்றது என்பதையே அறியாதவன், மறுப்பு என்னும் ஒரு சொல்லை எழுதுவது எங்ஙனம்?

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையைச் சார்ந்து வாடகை அறைகளில் வாழும் தொழிலாளர் நிலையும் இதனோடு எண்ணத்தக்கது. 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், குடியிருப்போனுக்கும் வீட்டுக்காரனுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருத்தல் வேண்டும் என்கின்றது. வீட்டைக் காலி செய்விக்கத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைத் தடுக்கின்றது. நகரத்தார் பொருட்டு எழுந்த இச்சட்டத்தை, நகரத்தில் வாழும் இத்தொழிலாளருள் எத்தனை பேர் கேள்வியுற்றிருப்பர்?

மேற்கூறிய மூன்றினும் ஒரே உண்மை புலனாகின்றது. வீட்டு வழக்கு நீதிமன்றத்தில் தொடங்குவதன்று; நோட்டீசைப் பெறும் திண்ணையிலும், கையொப்பமிடும் மேசையிலுமே தொடங்குகின்றது. பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகின்றது. நம் இலவச உதவியோ நீதிமன்ற வளாகத்திற் காத்திருக்கின்றது. நோயாளி திண்ணையிற் கிடக்க, மருத்துவர் சுடுகாட்டு வாயிலில் நிற்பது போன்றது இது.

இதற்குச் சிலர் தடை கூறுவர். "தொலைபேசி இருக்கின்றதே, 15100 என்னும் எண்ணை அழைத்தால் நாடெங்கும் சட்ட உதவி கிடைக்குமே" என்பர். நல்லதே, அவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதுக. ஆனால் அக்கைம்பெண்ணின் கையிலுள்ள காகிதத்தைத் தொலைபேசி படிக்காது. பதிவேட்டைப் புரட்டிப் பாராது. விளக்கம் எழுதித் தராது. "ஊருக்குள் வக்கீல் வந்தால் வம்பு வழக்குகள் பெருகும்" என்பர் வேறு சிலர். உண்மை இதற்கு மாறானது. நல்ல ஆலோசனையிற் பாதி, வழக்கு வேண்டா என்பதே. ஏரி வயிற்றில் வீடு கட்டியவனிடம், "இவ்விடம் உனக்கு நிலையாது; வெள்ளத்தில் உனக்கே தீங்கு; காலம் இருக்கும்போதே மாற்று மனை கேட்டு மனுச் செய்" என்று அவன் நம்பும் ஒருவர் சொல்லின், ஊருக்கும் ஏரிக்கும் அவனுக்கும் நன்மை. அண்டை வீட்டாருக்குள் எழும் சந்து வழக்கு, மக்கள் நீதிமன்றத்தில் ஒரே அமர்வில் தீர்தலும் கூடும். அங்கு எழுதப்படும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன்மேல் முறையீடும் இல்லை.

பிற நாட்டாரது அனுபவமும் இங்கு நமக்குப் பாடமாகும். இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டிலேயே ஏழைகளுக்கு அரசுப் பணத்தில் சட்ட ஆலோசனை அளிக்கச் சட்டம் செய்தனர். ஆனால் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வுதவி பெரிதும் சுருக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டு முதல் வீட்டு வழக்குகள் பலவற்றுக்கு அஃது இல்லாதொழிந்தது. வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவோர்க்கு உரிமை ஏட்டில் எஞ்சியிருந்தும், அப்பணி செய்யும் வக்கீல் ஒருவரும் இல்லாத வட்டாரங்கள் அந்நாட்டிற் பல. செல்வம் மிக்க நாட்டிலேயே, அருகில் ஆளின்றேல் உரிமை வெறும் எழுத்தாகின்றது எனின், கம்மாபுரத்துக்குச் சொல்ல வேண்டுவதும் உண்டோ?

நாம் வேண்டுவது புதிய சட்டமன்று; இருக்கும் விதிகள் செம்மையாக நடத்தலே. ஊர்தோறும், அல்லது சில ஊர்களுக்கு ஒன்றாக, சட்ட உதவி மையம் அமைக்கத் தேசிய ஆணைக்குழு 2011ஆம் ஆண்டிலேயே ஒழுங்குமுறை வகுத்திருக்கின்றது. பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர் அங்கு அமரவும், குழுவின் வக்கீல் அங்கு வந்து செல்லவும் அதில் இடமுண்டு. அவ்வொழுங்கின்படி, கம்மாபுரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே ஓர் அறை வேண்டும். வாரத்தில் ஒரு குறித்த நாளில், குறித்த நேரத்தில், தவறாமல் ஒரு வக்கீல் அங்கு இருத்தல் வேண்டும். ஏனைய நாட்களில் தன்னார்வலர் இருத்தல் வேண்டும். இன்று திறந்தும் நாளை பூட்டியும் கிடக்கும் அறையை ஏழை இரண்டாம் முறை நாடான். கூறிய ஆலோசனை ஒரு தாளில் எழுதி அவன் கையில் தரப்படுதல் வேண்டும். எல்லாவற்றினும் எளியது ஒன்று உண்டு. வீட்டையோ மனையையோ பற்றி எந்த அலுவலகம் நோட்டீசு கொடுப்பினும், அதன் அடியில், இலவச ஆலோசனை எங்கே, எந்நாள், எந்நேரம் கிடைக்கும் என்பது பெரிய எழுத்தில் அச்சிடப்படுதல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு இரண்டு வரி மை.

இறுதியாக, கல்லூரியிற் பயிலும் நமக்கும் இதிற் பங்குண்டு. நம்மிற் பலர் இத்தகைய சிற்றூர்களிலிருந்தே வந்தோம். நம் தாய்மாரும் பாட்டிமாரும் அத்தகரப் பெட்டிகளை உடையவர்களே. விடுமுறையில் ஊர் செல்லும்பொழுது, அண்டை அயலார் வீட்டுத் திண்ணையிற் சிறிது நேரம் அமர்ந்து, "ஏதேனும் காகிதம் வந்ததா, அம்மா?" என்று கேட்டல் நமக்கு அரிதன்று. வந்திருப்பின் படித்துச் சொல்லலாம். கெடு நாளைச் சுவரில் எழுதி வைக்கலாம். விருத்தாசலம் வரை உடன் செல்லலாம். சட்டத் தன்னார்வலராகப் பெயர் பதிந்துகொள்ளலாம். இதற்கு வக்கீல் பட்டம் வேண்டுவதில்லை. எழுத்தறிவும் இரக்கமும் போதும். மணியை அரசு கட்டிவிட்டது. கயிற்றைத் திண்ணை வரை நீட்டுவது அரசின் கடமை; அது நீளும் வரை, எட்டாத கைகளுக்காக நாமே சென்று அதனை இழுத்தல் நம் கடமை.