"விசுவாசம் இருந்தா கவலை வருமா?"

புதுச்சேரிச் சொந்தங்களுக்கு,

இதை எழுதுபவர் மிஷன் வீதியில் சம்பா கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவர். இப்போது பாரிசின் வடக்குப் புறநகர் ஒன்றில் குடியிருப்பவர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் ஊருக்குப் போன் போடுவது அங்கே பல குடும்பங்களுக்கு வழக்கம். பேச்சு மகனின் வேலையில் தொடங்கும். மகளுக்கு வரன் அமையாதது, சீட்டுப் பணம், அப்பாவின் சர்க்கரை, வராத விசா என்று நீளும். கடைசியில் யாராவது ஒரு பெரியவர், "விசுவாசம் இருந்தா கவலை வருமா?" என்பார். அத்தோடு பேச்சு நின்றுவிடும். அவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். கேட்டவருக்கோ பழைய கவலை தீரவில்லை. நமக்கு விசுவாசம் போதாது போலிருக்கிறது என்ற புதுக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. இந்த மடல் அந்த ஒரு கேள்வியோடு போடும் சண்டை.

சண்டைக்குக் காரணம் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015 கணக்கில், லட்சம் பேருக்கு 43.2 தற்கொலை என்று நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது புதுச்சேரிதான். 2022-இல் அது 29.7 ஆக இறங்கியது. அதே ஆண்டு நாட்டின் சராசரி 12.4. சின்னப் பிரதேசம், எண்ணிக்கை சற்றுக் கூடினாலே விகிதம் எகிறிவிடும் என்று வாதிடலாம்தான். ஆண்டுக்கு ஆண்டு சராசரியை விட உயர்ந்தே நிற்பதற்கு அந்த வாதம் போதாது. இந்த எண்களில் எல்லா மதத்தாரும் அடக்கம். கோயிலுக்கும் மசூதிக்கும் மாதா கெபிக்கும் பஞ்சமே இல்லாத ஊர் நம்முடையது.

கவலையும் நமக்குப் புதிதல்ல. பதினான்காம் லூயி மன்னரின் பண உதவியோடு இயேசு சபையார் 1692-இல் கட்டிய முதல் சம்பா கோயிலை, ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் அழித்தார்கள். அவசரமாக எழுப்பிய இரண்டாவது கோயில் நிலைக்கவில்லை. 1728 முதல் 1736 வரை பெரிதாகக் கட்டிய மூன்றாவதை, 1761-இல் ஊரையே தரைமட்டமாக்கிய ஆங்கிலேயர் இடித்தார்கள். இன்று நாம் பார்க்கும் சம்பா கோயில் நான்காவது, 1791-இல் அர்ச்சிக்கப்பட்டது. இடையில் முப்பது வருடம், ஒரு முழுத் தலைமுறை. வீடும் கோயிலும் சேர்ந்து போன அந்தச் சனங்கள் கவலையே இல்லாமல் இருந்திருக்க முடியுமா? கவலைப்பட்டுக்கொண்டேதான் கட்டியிருப்பார்கள்.

அச்சம் விசுவாசத்தின் வேடம் போட்ட நாட்களும் அந்தக் கதையில் உண்டு. 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதில் இயேசு சபைச் சாமியார்களுக்கு இருந்த பங்கை, பிரெஞ்சு ஆளுநரின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நம்மவர்கள் இதைப் பேசுவதில்லை, பேசத்தான் வேண்டும்.

அந்த இயேசு சபையாரின் நிறுவனர் இஞ்ஞாசியாரே கவலையில் மூழ்கி எழுந்தவர். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைச் சரியாகச் சொல்லவில்லையோ என்ற நச்சரிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் நிம்மதியில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பலமுறை வந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் பட்டினி கிடந்தவரிடம், முதலில் சாப்பிடு என்று கட்டளையிட்டவர் அவருடைய ஆன்ம குரு. பின்னாளில் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இஞ்ஞாசியார் வகுத்த விதிகளில் ஒன்று இதிலிருந்து பிறந்தது போலவே இருக்கிறது: மனத்தை அரிப்பதை ஒளித்து வைக்காதே, விவரம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிடு, ரகசியம் வெளியே வந்ததும் சோதனை தோற்றுவிடும். முதல் சம்பா கோயிலைக் கட்டியவர்கள் இந்த விதியையும் கப்பலில் கொண்டுவந்தவர்கள்தாம். கோயிலை வைத்துக்கொண்டோம். விதியை எங்கே விட்டோம்?

பாரிசிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்தில் லிசியே போய்விடலாம். குழந்தை தெரசாளின் ஊர். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் அவர் படம் இருக்கும். ஆனால் 1896 ஈஸ்டரிலிருந்து 1897 செப்டம்பரில் இறக்கும் வரை, மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற இருட்டில் அவர் தவித்தது பலருக்குத் தெரியாது. அந்தத் தவிப்பை மறைக்காமல் எழுதி வைத்த அவரைத்தான் திருச்சபை 1997-இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது. அவருடைய அப்பா லூயி மார்த்தேனின் கதை இன்னும் முக்கியம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கெட்டு, மனம் குழம்பி, 1889 முதல் 1892 வரை கான் நகரின் மனநல மருத்துவமனையில் இருந்தவர் அவர். மகள் மடத்துக்குப் போனதால்தான் அப்பாவுக்கு இந்தக் கதி என்று ஊர் வாய் பேசியது. 2015 அக்டோபர் 18 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரையும் மனைவி செலியையும் புனிதர்களாக அறிவித்தார். மனநல மருத்துவமனையில் மூன்று வருடம் இருந்தவர் இன்று பீடத்தில் இருக்கிறார். ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரிசையில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிட்டால் பெண்ணுக்கு வரன் வராதே என்று பாதியில் திரும்பும் குடும்பங்களுக்கு இதை யாராவது சொல்லுங்கள்.

கவலைப்படாதீர்கள் என்று மலைப்பொழிவில் பறவைகளையும் பூக்களையும் காட்டிச் சொன்னவர் இயேசு. கெத்சமனியில் மூன்று சீடர்களைக் கூட்டிக்கொண்டு போய், உள்ளம் உடைவதை வாய்விட்டுச் சொல்லி, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டவரும் அவரேதான். பிரசங்கங்களில் முதலாவதைக் கேட்ட அளவுக்கு இரண்டாவதைக் கேட்டதில்லை. எண்பத்தெட்டாம் திருப்பாடலோ முறையீட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் வெட்டி எடுக்கவில்லை.

துணை கேட்கும் இந்தப் பாடத்தைப் புலம்பெயர்ந்தவர்கள் கஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள். அவசரத்துக்குக் கதவைத் தட்ட அத்தை வீடோ சித்தப்பா வீடோ இல்லாத ஊரில், கூட விழித்திருக்க ஆள் தேட வேண்டியிருந்தது. பாரிசின் மோன்மார்த்ர் குன்றிலுள்ள திரு இருதயக் கோயில், 1870 போரில் பிரான்ஸ் தோற்று நின்ற வேளையில் நேர்ந்துகொண்டு கட்டியது. 1885 ஆகஸ்டிலிருந்து அங்கே நற்கருணை ஆராதனை இரவு பகலாக அறுபடாமல் நடக்கிறது; இரவுக்கு முறை வைத்து, பெயர் பதிந்தவர்கள் வந்து விழித்திருக்கிறார்கள். தூக்கம் வராமல் தனியே புரளும் இரவுக்கும், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் முழங்காலில் இருக்கும் இரவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஜெர்மனியின் கெவலாரில் 1642 முதல் மக்கள் நாடிவரும் மாதாவுக்கு, துயருறுவோரின் ஆறுதல் என்பதே பெயர். ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழர்கள் அங்கே கூடுகிறார்கள். பெரும்பாலோர் போரில் எல்லாம் இழந்த ஈழத்தவர். அவர்களில் இந்துக்களும் உண்டு. நம் வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவிலும் இப்படித்தானே? ஒரு குறை மட்டும் உண்டு. வில்லியனூரில் மாதாவிடம் அழுது சொன்னதை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரிடம்கூட நாம் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயில் அடக்கம் கிடையாது என்று இன்றும் வீடுகளில் பயமுறுத்துகிறார்கள். 1917 திருச்சபைச் சட்டத்தில் அப்படி இருந்தது. 1983 சட்டத்தில் அது இல்லை. கடுமையான மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவருடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றே 1992 மறைக்கல்வி ஏடு சொல்கிறது. இழந்த குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வேலையை ஊர் நிறுத்தட்டும்.

பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அடுத்த அன்பியக் கூட்டத்தில், செபமாலை தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்த வாரம் யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று கேளுங்கள். யாராவது வாய் திறந்தால், தயவுசெய்து அவருடைய விசுவாசத்தை அளக்காதீர்கள். சாப்பிட்டாரா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், மருத்துவரிடம் துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம் அவருக்காகச் செபியுங்கள், அவர் பெயரைச் சொல்லியே செபியுங்கள். நடு இரவில் யாரையும் எழுப்ப மனமில்லாதவர்கள், அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
பிரான்சிலிருந்து உங்கள் ஊர்க்காரர்