உப்பு டப்பா எங்கே?

கிச்சனை ஒழுங்கு பண்ணுவது எப்படி என்று கேட்டால் உடனே வரும் பதில், "ஒரே மாதிரி இருபது டப்பா வாங்குங்க". டப்பா விற்பவருக்கு நல்லது. வீட்டுக்கு? பழைய எவர்சில்வர் தூக்கில் இருந்தாலும் துவரம்பருப்பு அதே விசிலில்தான் வேகும் :-)

ஒரு சமையலறை உருப்படியா இருக்கா என்று பார்க்க ஒரே டெஸ்ட் போதும். அம்மா ரெண்டு நாள் ஊருக்குப் போனால் அங்கே அடுப்பு எரியுமா? தாம்பரம் ஸ்டேஷனுக்குக் காலையில் அரக்கப் பரக்க ஓடும் இரும்புலியூர் வீடுகள் பலவற்றில் எரியாது. போன்தான் அடிக்கும். "கடுகு எங்கம்மா?" "வெல்லம் எந்த டப்பாம்மா?" அந்த டப்பா மேல் ஹார்லிக்ஸ் என்று போட்டிருக்கும், உள்ளே வெல்லம் இருக்கும். இது அம்மாவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஒரே ஆள் தலைக்குள் மொத்த ஸ்டாக் ரிஜிஸ்டரும் இருக்கும் கம்பெனியை எந்த ஆடிட்டராவது பாஸ் பண்ணுவாரா?

பி.காம். படிக்கும் பையன்கள் ஸ்டாக் மேனேஜ்மென்ட் பாடத்தை மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வருவார்கள். வீட்டில் பழைய ரவை மேலேயே புது ரவையைக் கொட்டுவார்கள். அடியில் கிடப்பது அடியிலேயே கிடந்து வண்டு வைக்கும். முதலில் வந்தது முதலில் போகணும் என்ற விதி பரீட்சைக்கு மட்டுமா? கேஸ் சிலிண்டரில் மட்டும் எல்லாருக்கும் புத்தி தெளிவு. ஒன்று தீர்ந்ததும் ஸ்பேரை மாட்டிவிட்டு உடனே புக் பண்ணுகிறோம். அதே கணக்கை உப்புக்கும் காபிப் பொடிக்கும் போட்டால் ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணாச்சி கடைக்கு ஓட வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் தினப்படி சாமான், பரணில் பண்டிகைப் பாத்திரம். அஞ்சறைப் பெட்டியை வடிவமைத்தவர் எந்த பிசினஸ் ஸ்கூலிலும் படிக்கவில்லை மக்களே.

ஆனால் நடையை மிச்சம் பிடித்தால் மட்டும் போதாது. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் ஆர்க்கிடெக்ட், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். எதுவும் ரெண்டு எட்டில் கைக்கு வரும். அரிசி, பருப்புக்கெல்லாம் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள். சுமார் 10,000 வீடுகளில் கட்டினார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. வேலை குறைந்தது, சரி. ஆனால் அந்த இடத்தில் ஒருவர்தான் நின்று வேலை செய்ய முடியும். பெண்ணைத் தனியாக உள்ளே நிற்க வைத்த அறை என்று 1970-களில் பெண்ணியவாதிகள் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இருந்தது.

நம்ம ஊர்க் கணக்கைப் பாருங்க. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் செலவழித்தது ஒரு நாளைக்கு 299 நிமிடம். அந்த வேலையைச் செய்த ஆண்கள் 97 நிமிடம். அதைத் தொட்ட ஆண்களே நாலில் ஒருவர்தான். டப்பாவை வரிசையாக அடுக்கினால் இந்த 299-ல் பத்து நிமிடம் குறையலாம். இன்னொரு ஜோடிக் கை உள்ளே வந்தால்?

"அம்மாவுக்கே பிடிக்காது, டப்பாவைத் தொட்டா கோவம் வரும்" என்று ஒரு சால்ஜாப்பு உண்டு. வரத்தான் செய்யும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காத பிள்ளையிடம் வேறென்ன வரும்?

கனமான சாமானைக் கீழே வை என்பார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்த ஏரியா இது. மழைக்காலத்தில் 25 கிலோ அரிசி மூட்டையை மேலே ஏற்றியாகணும். அதை அம்மா தனியாகத் தூக்க முடியுமா?

செலவு ஒன்றும் இல்லை. ஒரு மார்க்கர், பழைய நோட்டிலிருந்து கிழித்த தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டப்பா மேல் பெயர், வாங்கிய தேதி, கதவில் தீர்ந்த சாமான் லிஸ்ட். அந்த லிஸ்ட்டை எழுதுபவரும் கடைக்குப் போகிறவரும் அம்மாவாகவே இருந்தால், அது ஒழுங்கு இல்லை. அழகான கையெழுத்தில் எழுதிய அதே பழைய வேலைதான்.