அரிசியின் ஜாதகம்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பாதையில், சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மலையடிவாரத்தில் பச்சைப் பசேலென்று நெல் வயல்கள். பார்க்கக் குளிர்ச்சிதான். ஆனால் நெற்பயிரைக் காப்பாற்றுவது லேசான காரியமா? தண்ணீர் இல்லாவிட்டால் வாடும். நாள் கணக்கில் மூழ்கினால் அழுகும்.

இந்த இரண்டாவது சங்கடத்துக்குப் பரிகாரம் கண்டுபிடிக்க, ஒரு களைச் செடியிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி உதவியது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

அராபிடாப்சிஸ் என்று அதற்குப் பெயர். கடுகின் உறவு, ஆனால் தாளிக்க உதவாது. விதைத்த ஆறு வாரத்தில் மறுபடி விதை தந்துவிடும் என்பதால், விஞ்ஞானிகளுக்கு அது செல்லப் பிள்ளை. பாட்டியின் மூக்கைப் பேத்திக்குத் தருகிறதே, அந்த ஜீன் செடிகளுக்கும் உண்டு. அராபிடாப்சிஸின் ஜீன்களை, சுமார் 25,500, எழுத்தெழுத்தாகப் படித்து 2000-ம் வருஷம் டிசம்பரில் வெளியிட்டார்கள். தாவர உலகில் எழுதப்பட்ட முதல் ஜாதகம் அதுதான்!

அடுத்து நெல். ஜப்பான் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து படித்தன. பன்னிரண்டு குரோமோசோம்களில் பதினோராவதின் ஒரு பகுதியை நம் டில்லி விஞ்ஞானிகள் படித்தார்கள். முழு ஜாதகமும் 2005-ல் வெளியாயிற்று.

இதனால் என்ன பிரயோஜனம்? ஒடிசாவில் வெள்ளத்தைத் தாங்கும் பழைய நெல் ஒன்று உண்டு. மற்ற நெல், மூழ்கியதும் மேலே எட்டிப் பார்க்க அவசரமாக வளர்ந்து, சேமிப்பைத் தீர்த்துவிட்டு மடியும். இதுவோ, மாதக் கடைசியில் செலவைச் சுருக்கும் இல்லத்தரசி மாதிரி அடக்கமாக இருந்து, தண்ணீர் வடிந்ததும் தழைக்கும்! இந்தக் குணத்துக்குக் காரணமான ஜீனை 2006-ல் அடையாளம் சொன்னார்கள்.

முன்பெல்லாம் அந்த நெல்லோடு ஒட்டுச் சேர்த்தால், வேண்டாத குணங்களும் கூடவே வந்து, விளைச்சல் குறைந்தது. ஜாதகம் கைக்கு வந்தபின், நாற்றின் இலையைச் சோதித்தே வேண்டியதைப் பொறுக்கி எடுக்க முடிந்தது. அப்படிப் பிறந்த ஸ்வர்ணா சப்-1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியாயிற்று. இரண்டு வாரம் வரை மூழ்கியும் பிழைக்கும். சோற்றின் ருசியும் மாறவில்லை.

ஆனால் ஒன்று. அந்தப் பழைய நெல்லை ஒடிசா விவசாயிகள் விதைத்து விதைத்துக் காப்பாற்றியிராவிட்டால், ஜாதகம் படித்தும் பலன் ஏது? ஆகவே, கிராமத்தில் உறவினர் வீட்டுக் குதிரில் பாட்டன் காலத்து விதைநெல் கிடந்தால், ‘எதற்கு இந்தக் குப்பை?’ என்று கொட்டிவிட விடாதீர்கள். அதற்குள் என்ன எழுதியிருக்கிறதோ, யார் கண்டது?