ரஞ்சி கோப்பையில் யாருக்கு இடம்? தெலங்கானாவின் நீண்ட காலக் கேள்வியும் ஹைதராபாத் சங்கத்தின் மூடிய கதவும்

ஹைதராபாத்: கோதாவரிக் கரையில் உள்ள பத்ராசலத்திலிருந்து ஹைதராபாத் சுமார் 300 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது. 2025 ஜனவரி-பிப்ரவரியில் மலேசியாவில் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகி கொங்கடி த்ரிஷா, அந்த ஊரைச் சேர்ந்தவர். மகளின் கிரிக்கெட்டுக்காக அவரது குடும்பமே ஊரை விட்டு செகந்திராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. த்ரிஷா வென்றதால் அந்தக் குடிபெயர்வு இன்று சாதனைக் கதையாகப் பேசப்படுகிறது. குடிபெயர வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெலங்கானா கிரிக்கெட்டில் என்ன வழி என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

இந்தக் கேள்வியிலிருந்துதான் தெலங்கானாவுக்குத் தனிக் கிரிக்கெட் சங்கம் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. ஹைதராபாத் கிரிக்கெட் சங்கம் (ஹெச்சிஏ) நகரத்துக்கான அமைப்பாகவே இயங்குகிறது, மாவட்டங்கள் புறக்கணிக்கப்படுகின்றன என்பது கோரிக்கையாளர்களின் வாதம். தெலங்கானா கிரிக்கெட் சங்கம் என்ற தனி அமைப்பு, இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் (பிசிசிஐ) அங்கீகாரம் கோரி நீண்ட காலமாகப் போராடி வருகிறது. ஆனால், இந்திய உள்நாட்டுக் கிரிக்கெட்டில் புதிய உறுப்பினருக்கு இடம் எந்த அடிப்படையில் கிடைக்கிறது, கிடைத்த பின் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் இந்தக் கோரிக்கையை எடைபோட முடியாது.

ஒரு மாநிலம், இரண்டு அணிகள்

ரஞ்சி கோப்பை தொடங்கிய 1934-35 பருவத்திலிருந்தே ஹைதராபாத் அதில் ஆடி வருகிறது. 1937-38, 1986-87 என இருமுறை கோப்பையை வென்றுள்ளது. அன்றைய அணி நிஜாம் சமஸ்தானத்தின் அடையாளம். 1953-54ல் ஆந்திரா தனி அணியாக வந்தது. 1956ல் மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்போது ஆந்திரப் பிரதேசம் ஒரே மாநிலமானது. ஆயினும் கிரிக்கெட்டில் ஆந்திரா, ஹைதராபாத் என இரு அணிகளும் அப்படியே நீடித்தன.

அதாவது 2014 ஜூன் 2ஆம் தேதி அரசியல் வரைபடத்தில் விழுந்த கோடு, கிரிக்கெட் வரைபடத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. தெலங்கானா பிறந்தபோது அதன் இடத்தை ஹெச்சிஏ ஏற்கெனவே நிரப்பியிருந்தது. புதிய மாநிலத்துக்குப் புதிய அணி தேவைப்படவில்லை. பெயரும் மாறவில்லை. உறுப்பினர் கட்டமைப்பும் மாறவில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

இடம் இழந்தால் என்ன ஆகும்?

இதற்கு நேர்மாறான அனுபவம் பீகாருடையது. 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரஞ்சி இடம் ஜார்க்கண்டுக்குச் சென்றுவிட, 2004-05 முதல் பீகாருக்கு அணியே இல்லாமல் போனது. ஒரு தலைமுறை இளைஞர்கள் ஆடுவதற்கு மாநிலம் தாண்டினர். பாட்னாவில் பிறந்த இஷான் கிஷன், ஜார்க்கண்ட் அணி வழியாகத்தான் இந்திய அணிக்கு வந்தார்.

நிலைமையை மாற்றியது நீதிமன்றம். நீதிபதி லோதா குழு 2016 ஜனவரியில் அளித்த அறிக்கை, ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கொள்கையை முன்வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலான பரிந்துரைகளை ஏற்றது. 2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பில் அந்தக் கொள்கை தளர்த்தப்பட்டது. மகாராஷ்டிராவில் மும்பை, விதர்பாவும், குஜராத்தில் பரோடா, சௌராஷ்டிராவும் தங்கள் முழு உறுப்பினர் தகுதியைத் தக்கவைத்துக்கொண்டன.

ஆக, உறுப்பினர் தகுதிக்கு இரண்டு அளவுகோல்கள் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வந்தன. பழைய சங்கங்களுக்கு வரலாறு. புதியவர்களுக்கு மாநில எல்லை. 2018-19 பருவத்தில் பீகார், உத்தராகண்ட், புதுச்சேரி, சிக்கிம், மேகாலயா, மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, அருணாச்சலப் பிரதேசம் ஆகிய ஒன்பது அணிகள் ரஞ்சியில் இடம்பெற்றன. அணிகளின் எண்ணிக்கை 37 ஆனது. அடுத்த ஆண்டு சண்டிகர் வந்து 38 ஆனது.

புதியவர்கள் தந்ததும் தடுமாறியதும்

தரம் குறையும் என்று அப்போது எழுந்த எச்சரிக்கை முற்றிலும் பொய்யாகவில்லை. முதல் பருவத்திலேயே பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட்டுகள் வீழ்த்தி, 1974-75ல் பிஷன் சிங் பேடி படைத்த 64 விக்கெட் சாதனையை முறியடித்தார். சிக்கிம் அணிக்காக ஆடிய மிலிந்த் குமார் 1,331 ரன்கள் குவித்தார். அவர் டெல்லியிலிருந்து வந்தவர். 2025 ஜனவரி இறுதியில் மும்பைக்கு எதிராக மேகாலயா 2 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்தது. மும்பை இன்னிங்ஸ் மற்றும் 456 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது.

எனினும் மறுபக்கமும் உண்டு. உத்தராகண்ட் தனது முதல் பருவத்திலேயே காலிறுதிக்கு முன்னேறியது. 2024 ஜனவரியில் பாட்னாவில் மும்பைக்கு எதிராக 12 வயதில் ரஞ்சியில் அறிமுகமான வைபவ் சூர்யவன்ஷி, 2025 ஏப்ரல் 28ஆம் தேதி ஐபிஎல் தொடரில் 35 பந்துகளில் சதமடித்தார். பீகாருக்கு அணி இல்லாதிருந்தால், சமஸ்திபூர் மாவட்டத்துச் சிறுவன் அந்த வயதில் எந்த அணிக்கு ஆடியிருப்பான்? உறுப்பினர் சேர்க்கையின் பயனை ஒரு பருவத்தின் ஸ்கோர் பட்டியலை மட்டும் வைத்து அளக்க முடியாது.

கேரளம் இதற்குச் சான்று. திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் 1951-52ல் நுழைந்த அந்த அணி, முதன்முறையாக இறுதிப்போட்டியை எட்டியது 2024-25ல்தான். இடைப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், வயநாடு போன்ற மலை மாவட்டத்திலும் முதல்தர மைதானம் எழுப்பப்பட்டது.

கீழ்த் தட்டில் ஹைதராபாத்

தரம் பிரிக்கும் முறை 2002-03ல் வந்தது. அதுவரை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என மண்டலங்களாக நடந்த ரஞ்சி, எலைட், பிளேட் எனப் பிரிக்கப்பட்டது. தமிழ்நாடு, கர்நாடகம், ஹைதராபாத் ஆகியவை ஆண்டுதோறும் மோதிக்கொண்ட தென் மண்டல மரபு அத்துடன் முடிவுக்கு வந்தது.

அந்தப் பிரிவினையின் சூட்டை ஹைதராபாத் 2022-23ல் உணர்ந்தது. ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்றது. கிடைத்த ஒரே புள்ளியும், தமிழ்நாட்டுக்கு எதிரான ஆட்டம் போதிய வெளிச்சமின்றி டிரா ஆனதால் வந்தது. இருமுறை சாம்பியனான அணி பிளேட் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

அடுத்த பருவத்தில் பிளேட் பிரிவை ஹைதராபாத் ஊதித் தள்ளியது. அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராகத் தன்மய் அகர்வால் 147 பந்துகளில் முச்சதம் எட்டி, முதல்தரக் கிரிக்கெட்டின் அதிவேக முச்சதத்தைப் பதிவு செய்தார். 26 சிக்ஸர்களுடன் 366 ரன்கள் சேர்த்தார். இறுதிப்போட்டியில் திலக் வர்மா தலைமையிலான அணி மேகாலயாவை வென்று எலைட் பிரிவுக்குத் திரும்பியது.

இந்தப் பயணம் ஓர் உண்மையைக் காட்டுகிறது. ஹைதராபாத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகனான முகமது சிராஜ் இந்த நகரத்திலிருந்துதான் இந்திய அணியின் முன்னணி வேகப்பந்து வீச்சாளராக உயர்ந்தார். ஆனால் 'நகரத்திலிருந்து' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

சங்கத்துக்குள் யார் உறுப்பினர்?

2014ல் 10 மாவட்டங்களுடன் பிறந்த தெலங்கானாவில் இன்று 33 மாவட்டங்கள் உள்ளன. ஹெச்சிஏ வாக்காளர் பட்டியலில் ஹைதராபாத், செகந்திராபாத் நகர கிளப்புகளே பெரும்பான்மை. மாவட்டச் சங்கங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே உள்ளன. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது கிளப்புகள். லீக் ஆட்டங்களை ஆடுவதும் கிளப்புகள். தேர்வாளர்களின் கண்ணில் படுவதும் அந்த லீக்கில் ஆடுபவர்களே.

இந்தக் கிளப் வாக்குகளே நிர்வாகச் சீர்கேட்டுக்கும் இடமளித்தன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி எல்.நாகேஸ்வர ராவை ஒரு நபர் குழுவாக நியமித்து ஹெச்சிஏ நிர்வாகத்தை ஒப்படைத்தது. ஒரே நபர் அல்லது குடும்பத்தின் கட்டுப்பாட்டில் பல கிளப்புகள் இருப்பதைக் கண்டறிந்த அவர், 50க்கும் மேற்பட்ட கிளப்புகளைத் தேர்தலிலிருந்து விலக்கிவைத்தார். அதன்பின் 2023 அக்டோபரில் தேர்தல் நடந்தது. 2025 ஜூலையில், அத்தேர்தலில் வென்ற தலைவரையும் வேறு சிலரையும் போலி ஆவணம், நிதி முறைகேடு ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில் தெலங்கானா சிஐடி கைது செய்தது.

தனிச் சங்கம்தான் தீர்வா?

தனி இடம் கோருவோருக்குச் சாதகமான உதாரணம் விதர்பா. மகாராஷ்டிராவின் ஒரு பகுதியாக இருந்தும் தனி அணி பெற்ற விதர்பா, 2017-18, 2018-19, 2024-25 என மூன்று முறை ரஞ்சி கோப்பையை வென்றது. தனி இடம் இல்லாவிட்டால் நாக்பூர், அமராவதி இளைஞர்கள் வேறொரு நகரத்தின் தேர்வுக்காகக் காத்திருந்திருப்பார்கள். ஆனால் 1950களில் ரஞ்சிக்கு வந்த விதர்பா முதல் கோப்பைக்காக அறுபது ஆண்டுகள் காத்திருந்ததும், வரலாற்று உரிமையால் மட்டுமே அந்த இடம் காப்பாற்றப்பட்டதும் மறக்கக்கூடியவை அல்ல. புதிதாக வருவோருக்கு அந்த உரிமை கிடையாது. தெலங்கானாவுக்கான இடம் ஹெச்சிஏ வசம் உள்ளவரை, இன்றைய விதிகளில் இரண்டாவது சங்கத்துக்கு வழி குறுகலானது.

அப்படியே வழி பிறந்தாலும், புதிய அணி பிளேட் பிரிவில்தான் தொடங்க நேரிடும். 2025-26 முதல் எலைட் பிரிவில் 32, பிளேட் பிரிவில் 6 அணிகள். ஆண்டுக்கு ஓர் அணி மட்டுமே மேலே ஏறும், ஓர் அணி மட்டுமே கீழே இறங்கும். முன்பு இந்த எண்ணிக்கை இரண்டாக இருந்தது. ஏணியின் படிகள் குறைந்துவிட்ட நேரத்தில் புதிதாக ஏறத் தொடங்குவது எளிதல்ல.

மாற்று வழிக்குத் தமிழ்நாடு ஒரு சான்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி.நடராஜனுக்குத் தனி மாவட்ட ரஞ்சி அணி தேவைப்படவில்லை. 2016ல் தொடங்கிய டிஎன்பிஎல் தொடர் அவரது யார்க்கர்களை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டே ஐபிஎல் வாய்ப்பு வந்தது. பின்னர் ஹைதராபாத்தின் ஐபிஎல் அணியான சன்ரைசர்ஸுக்கே அவர் முக்கியப் பந்துவீச்சாளரானார். திண்டுக்கல், திருப்பூர், மதுரை என ஊர்ப் பெயர்களில் அணிகள் அமைந்தது வெறும் விளம்பரமாக நின்றுவிடவில்லை.

பணம் மட்டுமே அளவுகோலானால்

உறுப்பினர் மாற்றம் எந்த நோக்கில் நடக்கிறது என்பது முக்கியம் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஓர் எச்சரிக்கை. அங்கு மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களின் நூற்றாண்டு பழமையான பேக்-12 கூட்டமைப்பிலிருந்து, தொலைக்காட்சி வருவாயை நாடி 2024ல் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. பசிபிக் கரையோர ஸ்டான்போர்டு, அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பில் சேர்ந்தது. மாணவ வீரர்கள் கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் புதிய அணிகள் சேர்க்கப்பட்டது சந்தை மதிப்புக்காக அல்ல, பிரதிநிதித்துவத்துக்காக. அந்த வேறுபாடு பாராட்டத்தக்கது. ஆனால் அதே அளவுகோல் ரஞ்சி வாசலோடு நின்றுவிடக் கூடாது, ஒவ்வொரு சங்கத்தின் உள்ளேயும் செல்ல வேண்டும்.

தெலங்கானாவுக்கு இன்று அவசரமாகத் தேவைப்படுவது 39ஆவது ரஞ்சி அணியைவிட, ஹெச்சிஏ வாக்காளர் பட்டியலில் 33 மாவட்டங்களுக்கும் உரிய இடமும், அந்த மாவட்டங்களில் முறையான லீக் ஆட்டங்களுமே. அதைச் செய்ய ஹெச்சிஏ தவறினால், தனிச் சங்கக் கோரிக்கைக்கு அதைவிட வலுவான வாதம் வேறெதுவும் தேவைப்படாது. அடுத்த முறை பத்ராசலத்திலிருந்து ஒரு சிறுமி மட்டையைப் பிடிக்கும்போது, குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா இல்லையா என்பதே இந்தச் சீரமைப்பை அளக்கும் கோல்.