செவிலியரைக் குறைப்பதும் அளவை மோசடியே



கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளில் உழைப்போருக்கும், பொன்னேரி, பழவேற்காடு, திருவள்ளூர் குடும்பங்களுக்கும் நோய் வந்தால் மருத்துவமனையே புகலிடம். அங்கே இரவு முழுவதும் நோயாளியைக் காப்பவர் செவிலியர். செலவைக் குறைக்க எண்ணும் நிர்வாகம் முதலில் கைவைப்பதும் அவர்கள்மீதே.

பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர், போதனா மருத்துவமனையாயின் மூவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நர்சிங் கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு கவனிப்பைப் பாதியாக்குவது எவ்வகை வணிகம்? அளவையில் மோசடி செய்வோரை எச்சரித்தே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. படியும் தராசும் தானியத்துக்கு மட்டுமே உரியவை அல்ல.

இந்தச் சிக்கனத்தின் விலை உயிர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் கண்டது.

அரசும் விதிவிலக்கன்று. 2015இல் போட்டித் தேர்வில் வென்ற செவிலியரை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட நேர்ந்தது. கொரோனா காலத்தில் அமர்த்தப்பட்ட 2,472 பேரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தரவேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் 2016இல் பிறப்பித்த உத்தரவின்பேரில் அமைந்த குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருந்தால் போதுமா?

"இது சேவை, கூலியை அல்லாஹ் தருவான்" என்போர் நம்மிடையேயும் உண்டு. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, நபி (ஸல்) அவர்கள் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள். அந்த அன்னை மனமுவந்து சேவையாற்றினார்கள். தானே முன்வந்து செய்யும் சேவை வேறு. கூலிக்கு அமர்த்தியவரின் உழைப்பைச் சுரண்டுவது வேறு. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. மறுமையின் நற்கூலியைக் காட்டி இம்மையின் கூலியை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே, நோயாளியைச் சேர்க்கும்போது அறை வாடகையை மட்டும் விசாரிக்க வேண்டாம். இரவில் எத்தனை நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்றும் கேட்போம். ஜமாஅத்தாரும் அறக்கட்டளையினரும் தாங்கள் நடத்தும் மருத்துவமனைகளில் முதலில் உரிய ஊதியம் வழங்கட்டும். அதன்பின் அரசையும் தனியாரையும் கேட்கும் குரலுக்கு வலிமை பிறக்கும். நோயாளி அமானிதம், அவரைக் காப்பவரின் உரிமையும் அமானிதமே.